எச்-4 விசா விண்ணப்பம்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் பாட்டும் படமும் விளையாட்டுமாகவே ஓடிவிடும். அதன் பிறகுதான் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்திருக்கிறாரா? அல்லது உங்கள் மனைவியை அங்கே அழைத்துக் கொள்ளப் போகிறீர்களா? அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டருக்கு முதல் பெரிய வேலை காத்திருக்கிறது. விசா விண்ணப்பத்தை நீங்களே நிரப்புவதுதான் அது.

"அய்யோ, அதெல்லாம் ஏஜென்ட் செய்யும் வேலை" என்று பயப்பட வேண்டாம். ரயில் டிக்கெட் பதிவு செய்யத் தெரிந்தவர் இதையும் செய்யலாம். நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அடுத்தவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு நேர்ந்தது

என் தங்கைக்கு 2024 பிப்ரவரியில் கும்பகோணத்தில் திருமணம். மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் விடுமுறை. அவர் கிளம்பிப் போன பிறகு இவள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "அண்ணா, நீ வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிடுகிறேன்" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைக்காரர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். தங்கையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான சர்நேம் வரி காலியாக இருக்கும். அவள் பெயர் மட்டும் கிவன் நேம் என்ற வரியில் இருக்கும். கடைக்காரர் அப்பாவின் பெயரைக் கேட்டு வாங்கி, சர்நேம் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார். கைரேகை பதிவுக்குப் போன நாளில்தான் பாஸ்போர்ட்டும் விண்ணப்பமும் ஒத்துப் போகவில்லை என்று தெரிந்தது. புதிதாக நிரப்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

திருத்தலாம் என்று பார்த்தால், விண்ணப்பத்தில் இருந்த இ-மெயில் முகவரி கடைக்காரருடையது. ரகசியக் கேள்விக்கு அவரே ஏதோ ஒரு பதிலைத் தட்டியிருக்கிறார். அது அவருக்கும் ஞாபகம் இல்லை. விண்ணப்பத்தின் நகல் எதையும் அவர் சேவ் செய்து தரவும் இல்லை. மறுபடி நேர்காணல் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. திருமணமான முதல் ஆடியும் முதல் தீபாவளியும் வீடியோ அழைப்பிலேயே முடிந்தன. ஒரே ஒரு கட்டத்தில் தவறான பெயரைத் தட்டியதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

அடுத்த வாரமே ஊருக்குப் போய், அப்பா புதிதாக வாங்கியிருந்த லேப்டாப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நாங்களே நிரப்பினோம். அப்போது கற்றுக் கொண்டதையும், அதன் பிறகு மாறியுள்ள விதிகளையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

யாருக்கு இந்த விசா?

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தரப்படுவது எச்-4 விசா. நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்தவர்களுக்கு இது கிடையாது. சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும்.

எச்-4 விசாவுக்கு டி.எஸ்-160 என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும். எல்-1 விசாவில் இருப்பவரின் துணைக்கு எல்-2, மாணவரின் துணைக்கு எஃப்-2. அவர்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். எனவே இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் துணைவர் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவர் என்றால் வழியே வேறு. அதற்கு அவர் அங்கிருந்து ஐ-130 என்ற மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது அல்ல.

முதலில் ஒரு ஃபோல்டர்

படிவத்தைத் திறப்பதற்கு முன் டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனைத் தட்டி, "நியூ", "ஃபோல்டர்" என்று தேர்ந்தெடுத்து, "விசா" என்று பெயர் கொடுங்கள். கீழ்க்கண்டவற்றை ஸ்கேன் செய்தோ, கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்தோ இதில் போட்டு வையுங்கள்.

1. பாஸ்போர்ட்டின் முதல் மற்றும் கடைசிப் பக்கங்கள்.

2. திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கல்யாண மண்டபத்தின் ரசீதும் பத்திரிகையும் சான்றிதழ் ஆகிவிடாது. மாப்பிள்ளை விடுமுறை முடிந்து கிளம்பும் முன்பே இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் சென்று இந்த வேலையை முடித்துவிடுங்கள். பலருக்குத் தாமதம் ஆரம்பிப்பதே இங்குதான்.

3. மாப்பிள்ளையின் ஐ-797 ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்கள்.

4. அவருடைய சமீபத்திய சம்பளச் சீட்டுகள், கம்பெனி தரும் வேலைச் சான்றுக் கடிதம்.

5. நான்கைந்து திருமணப் படங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றை டி.எஸ்-160 படிவத்தில் அப்லோட் செய்யப் போவதில்லை. நிரப்பும்போது பார்த்து எழுதவும், நேர்காணலுக்குப் பிரிண்ட் எடுத்துச் செல்லவும்தான் இவை. பாஸ்போர்ட் காலாவதி ஆகும் தேதியையும் ஒருமுறை பாருங்கள். சீக்கிரம் முடிவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக் கொள்ளுங்கள். பாதியில் பாஸ்போர்ட் எண் மாறினால் படிவத்தையும் மாற்ற வேண்டிவரும்.

சரியான தளம் எது?

டி.எஸ்-160 படிவத்தின் முகவரி: சி-இ-ஏ-சி டாட் ஸ்டேட் டாட் ஜி-ஓ-வி. இதை ஆங்கில எழுத்துகளில் பிரவுசரின் முகவரிப் பெட்டியில் நேரடியாக டைப் செய்யுங்கள். கூகுளில் "விசா படிவம்" என்று தேடினால் மேலே வருபவை பல நேரம் விளம்பரங்கள். அரசுத் தளம் போலவே கொடியும் முத்திரையும் போட்டுக்கொண்டு, படிவத்திற்கே பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. படிவத்தை நிரப்பிச் சமர்ப்பிக்க ஒரு பைசாவும் கிடையாது என்பதை ஞாபகம் வையுங்கள். விசாக் கட்டணம் பிறகு தனியாக வரும்.

அமெரிக்க அரசின் தளங்கள் ஜி-ஓ-வி என்று முடியும். ஆனால் நேர்காணல் தேதி பதிவு செய்யும் தளம் அப்படி முடிவதில்லை. 2023 முதல் இந்தியாவில் அதற்காகத் தனித் தளம் இயங்குகிறது. அதற்குப் போகச் சிறந்த வழி, இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் இணையதளத்தைத் திறந்து, அங்குள்ள இணைப்பைக் க்ளிக் செய்வதுதான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடவே வேண்டாம்.

20 நிமிட ஆபத்து

தளத்தைத் திறந்ததும் எந்த ஊரில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்கும். பட்டியலில் "இந்தியா, சென்னை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் தெரியும் எழுத்துகளை டைப் செய்து, "ஸ்டார்ட் ஆன் அப்ளிகேஷன்" என்பதைக் க்ளிக் செய்யுங்கள்.

அடுத்த திரையில் உங்களுக்கென ஒரு விண்ணப்ப எண் தோன்றும். இரண்டு "ஏ" எழுத்துகளில் ஆரம்பிக்கும். உடனே அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இதே திரையில் ஒரு ரகசியக் கேள்வியைத் தேர்ந்தெடுத்து பதில் தரச் சொல்லும். பதிலை எந்த ஸ்பெல்லிங்கில் தட்டினீர்களோ அப்படியே நோட்டில் எழுதுங்கள். நாளை இந்த விண்ணப்பத்தை மறுபடி திறக்க நான்கு விஷயங்கள் வேண்டும்: விண்ணப்ப எண், சர்நேம் கட்டத்தில் தட்டியதன் முதல் ஐந்து எழுத்துகள், பிறந்த வருடம், ரகசியக் கேள்வியின் பதில். என் தங்கை இழந்தது இவற்றைத்தான்.

அடுத்த விஷயம் முக்கியமானது. நீங்கள் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் தளம் உங்களை வெளியே தள்ளிவிடும். சேவ் செய்யாத பதில்கள் போய்விடும். அப்பாவின் பிறந்த தேதியைத் தேடி அலமாரியைக் குடைந்துவிட்டு வந்தால் திரை காலியாக இருக்கும்! எனவே ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் உள்ள "சேவ்" பட்டனைத் தட்டிக்கொண்டே போங்கள். முந்தைய பக்கத்திற்குப் போக பிரவுசரின் பேக் அம்புக்குறியைத் தொடாதீர்கள். படிவத்திலேயே உள்ள "பேக்" பட்டனைப் பயன்படுத்துங்கள்.

சேவ் செய்த விண்ணப்பம் தளத்தில் 30 நாட்கள் இருக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் "சேவ் அப்ளிகேஷன் டு ஃபைல்" என்பதைக் க்ளிக் செய்து உங்கள் "விசா" ஃபோல்டரில் ஃபைலாகவே இறக்கிக் கொள்ளலாம். அந்த ஃபைலைத் தட்டினால் திறக்காது. பயப்பட வேண்டாம். முதல் பக்கத்தில் "அப்லோட் ஆன் அப்ளிகேஷன்" மூலம் ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பெயர்: இங்கேதான் கவனம் வேண்டும்

நம் ஊர்ப் பெயர் வழக்கமும் அமெரிக்கப் படிவமும் மோதிக்கொள்ளும் இடம் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு. அவர்கள் படிவத்திலோ சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டங்கள்.

பின்பற்ற வேண்டிய விதி ஒன்றே ஒன்று. பள்ளிச் சான்றிதழில் என்ன, ஆதாரில் என்ன, கல்யாணப் பத்திரிகையில் என்ன என்று பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்த வரியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் தட்ட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இரண்டு வரிகளும் நிரம்பியிருந்தால் சிக்கலே இல்லை, அப்படியே தட்டுங்கள். சர்நேம் வரி காலியாக இருந்தால் என்ன செய்வது? கிவன் நேம் வரியில் இருப்பதை அப்படியே படிவத்தின் சர்நேம் கட்டத்தில் தட்டுங்கள். கிவன் நேம் கட்டத்தில் எஃப்-என்-யு என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. உதாரணமாக, பாஸ்போர்ட்டில் கிவன் நேம் "கவிதா", சர்நேம் காலி என்றால், படிவத்தில் சர்நேம் "கவிதா", கிவன் நேம் "எஃப்-என்-யு". படிக்க வேடிக்கையாக இருந்தாலும் சரியான முறை இதுதான். காலியிடத்தை நிரப்ப அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, வேறு பெயர்களைப் பயன்படுத்தியதுண்டா என்று ஒரு கேள்வி வரும். திருமணத்திற்குப் பின் பெயரை மாற்றிப் புதுப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால் இங்கே "யெஸ்" என்று சொல்லி, பழைய பெயரைத் தர வேண்டும்.

இதற்கிடையே ஒரு இனிமையான கட்டம் உண்டு. படிவம் முழுவதையும் ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். ஆனால் "உங்கள் பெயரை உங்கள் தாய்மொழி எழுத்தில் தருக" என்ற ஒரு கட்டத்தில் மட்டும் தமிழில் எழுதலாம்! விண்டோஸ் 11-ல் "செட்டிங்ஸ்", "டைம் அண்ட் லாங்குவேஜ்", "லாங்குவேஜ் அண்ட் ரீஜன்" என்று போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி தமிழுக்கு மாறிக்கொள்ளலாம். யூனிகோடில் டைப் செய்தது மட்டுமே சரியாகப் போய்ச் சேரும். பழைய ஃபான்ட்களில் அடித்து ஒட்டினால் அங்கே கிறுக்கல்தான் தெரியும். தமிழில் டைப் செய்யும் வசதி இல்லை என்றால் பக்கத்தில் உள்ள சிறு பெட்டியை டிக் செய்து கடந்துவிடலாம். என் தங்கையின் பெயர் தமிழில் அந்தத் திரையில் வந்தபோது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா, "அமெரிக்காக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று மாலை நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தடுமாற வைக்கும் கேள்விகள்

டெலிகோடு: உங்கள் பெயருக்கு டெலிகோடு உண்டா என்று கேட்கும். சீனப் பெயர்களுக்கு எண்களால் தரப்படும் குறியீடு அது. நமக்கு "நோ".

குலம், பழங்குடி: நீங்கள் குலம் அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி. இதைப் பார்த்துப் பலர் சாதியின் பெயரை எழுதப் போய்விடுகிறார்கள். இது சாதியைக் கேட்கும் கேள்வி அல்ல.

மனு எண்: மாப்பிள்ளையின் ஐ-797 கடிதத்தில் உள்ள ரசீது எண்ணைக் கேட்கும். மூன்று ஆங்கில எழுத்துகளும் பத்து எண்களுமாக மொத்தம் 13. இப்போது பல எண்கள் ஐ-ஓ-இ என்று ஆரம்பிக்கின்றன. நடுவில் உள்ளது ஓ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல. முதலில் உள்ளது ஐ, ஒன்று அல்ல. மாப்பிள்ளையிடம் ஃபோனில் கேட்டு எழுதாமல் கடிதத்தைப் பார்த்தே தட்டுங்கள்.

தேதிகள்: அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்ற பயம் இங்கே வேண்டாம். நாள், மாதம், வருடம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

உதவியவர் யார்: படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்வி கடைசியில் வரும். அண்ணனோ ஏஜென்டோ நிரப்பிக் கொடுத்திருந்தால் "யெஸ்" என்று சொல்லி அவர் விவரத்தைத் தர வேண்டும். எங்கள் படிவத்தில் என் பெயர் இருந்தது. அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. பொய் சொன்னால்தான் தொல்லை.

போட்டோவைத் தயார் செய்வது

சதுரமான, கலர் போட்டோ வேண்டும். வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி. கடந்த 6 மாதங்களுக்குள் எடுத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். 2016 நவம்பர் 1 முதல் இந்த விதி அமலில் உள்ளது. அளவு 600-க்கு 600 பிக்ஸல் முதல் 1200-க்கு 1200 பிக்ஸல் வரை. ஃபைல் வகை ஜேபெக். எடை 240 கிலோபைட்டுக்குள். தலையின் உயரம் படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவிகிதம் வரை இருக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் "அமெரிக்க விசா போட்டோ" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரிண்டுடன் ஃபைலையும் கேட்டு பென் டிரைவில் வாங்கிக் கொள்ளுங்கள். கைபேசியிலிருந்து வாட்ஸ்அப் மூலம் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் தரம் குறைந்துவிடும்.

அளவைச் சரி செய்ய விண்டோஸில் உள்ள பெயின்ட் போதும். போட்டோவைப் பெயின்ட்டில் திறந்து, தலையும் தோளும் வரும்படி சதுரமாகத் தேர்ந்தெடுத்து "க்ராப்" செய்யுங்கள். பிறகு "ரீசைஸ்" தேர்ந்தெடுத்து, "பிக்ஸல்ஸ்" என்பதைத் தட்டி, 600 என்று கொடுங்கள். "சேவ் ஆஸ்" மூலம் ஜேபெக் வகையில் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஃபைலின் மீது வலது க்ளிக் செய்து "ப்ராபர்ட்டீஸ்" பார்த்தால் எடை தெரியும். வெட்டுவதும் அளவைக் குறைப்பதும் மட்டும்தான் செய்யலாம். முகத்தை வெளுப்பாக்குவது, பரு நீக்குவது, ஆப் மூலம் அழகுபடுத்துவது எதுவும் கூடாது. ஸ்டூடியோக்காரர் அன்பாகச் செய்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சோஷியல் மீடியா கணக்குகள்

2019 முதல் டி.எஸ்-160 படிவத்தில், கடந்த ஐந்து வருடங்களில் நீங்கள் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளைக் கேட்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எனப் பட்டியலில் உள்ள தளங்களில் உங்கள் யூசர் நேமை மட்டும் தந்தால் போதும். பாஸ்வேர்டை எந்தப் படிவமும் கேட்காது. கேட்டால் அது போலித் தளம்.

2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் இணையப் பதிவுகளையும் பார்க்கிறார்கள். இதற்காக இந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி "பப்ளிக்" என்று மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்து வைப்பதற்கு முன் உங்கள் ஃபோன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி ஆகியவை புரொஃபைலில் தெரிகின்றனவா என்று பார்த்து மறைத்துவிடுங்கள். தூதரகம் மட்டுமல்ல, மோசடிக்காரர்களும் பார்ப்பார்கள் அல்லவா? பயந்துபோய்ப் பழைய கணக்கை அழித்துவிட்டுப் படிவத்தில் "இல்லை" என்று எழுதாதீர்கள். கேள்வி ஐந்து வருடங்களைப் பற்றியது.

கையெழுத்தும் பிரிண்டும்

எல்லாம் முடிந்ததும் படிவம் முழுவதையும் மறுபடி காட்டும். அவசரப்படாமல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா படித்தார், நான் பார்த்தேன். தங்கையின் பாஸ்போர்ட் எண்ணில் 3-க்குப் பதில் 8 என்று நான் தட்டியிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனுக்கே இந்தக் கதி!

கடைசியில் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிக் கையெழுத்துக்கான பட்டனை அழுத்த வேண்டும். இதற்கு மேல் திருத்த முடியாது. பிழை தெரிந்தால் புதுப் படிவம்தான். ஆனால் விண்ணப்ப எண்ணும் ரகசியப் பதிலும் கையில் இருந்தால் பழைய விவரங்களை வைத்தே புதுப் படிவம் உருவாக்கும் வசதி உண்டு. பிழையான இடத்தை மட்டும் மாற்றி முடித்துவிடலாம். புது எண்ணை நேர்காணல் பதிவுக் கணக்கிலும் மாற்ற மறக்காதீர்கள். நேர்காணலுக்குக் கொண்டு போகும் படிவமும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இறுதியாக பார்கோடுடன் ஒரு உறுதிப் பக்கம் தோன்றும். கன்ட்ரோல் கீயுடன் பி எழுத்தை அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் "சேவ் ஆஸ் பி.டி.எஃப்" தேர்ந்தெடுத்து உங்கள் ஃபோல்டரில் சேவ் செய்யுங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லாவிட்டால் பி.டி.எஃப் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய் வெளியே பிரிண்ட் எடுக்கலாம். பார்கோடு மங்காமல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரில் ஃபைல் ஏதும் தங்கிவிட்டதா என்று பார்த்து நீக்குங்கள்.

கட்டணமும் நேர்காணலும்

எச்-4 விசாக் கட்டணம் 2023 ஜூன் 17-ல் ஒருவருக்கு 205 டாலராக உயர்த்தப்பட்டது. செலுத்தும் நாளில் தளத்தில் காட்டும் தொகையை ரூபாயில் கட்ட வேண்டும். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது. ரசீதை உங்கள் ஃபோல்டரில் போடுங்கள்.

சென்னையில் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். முதலில் கைரேகையும் போட்டோவும் எடுக்கும் மையம். பிறகு அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். முன்பு சிலருக்கு நேர்காணல் இல்லாமலே விசா கிடைத்து வந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. எச்-4 விண்ணப்பதாரர்கள் நேரில்தான் செல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நேர்காணல் தேதியை ஒருமுறைதான் இலவசமாக மாற்ற முடியும். அதற்கு மேல் மாற்றினால் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். எனவே வீட்டு விசேஷங்களை எல்லாம் காலண்டரில் பார்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

கைபேசி, லேப்டாப் எதையும் உள்ளே அனுமதிக்க மாட்டார்கள். "எல்லாம் ஃபோனில் இருக்கிறது" என்று போனால் வாசலோடு சரி. ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, உறுதிப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிக் கொண்டு செல்லுங்கள். கேள்விகள் பெரும்பாலும் எளியவை: கணவர் எங்கே வேலை பார்க்கிறார், எப்போது திருமணம், எப்படி அறிமுகம். நீங்களே நிரப்பிய படிவம் என்றால் பதில்கள் தானாக வரும். கடைக்காரர் நிரப்பியது என்றால் அதில் என்ன இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

போன பிறகு வேலை பார்க்கலாமா?

இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது. எச்-4 விசாவில் படிக்கலாம். நினைத்தவுடன் வேலைக்குப் போக முடியாது. 2015 மே 26 முதல், எச்-1பி வைத்திருக்கும் துணைவரின் கிரீன் கார்டு முயற்சி குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் ஐ-765 படிவம் மூலம் வேலை அனுமதி கேட்கலாம். பொதுவாக அவருடைய ஐ-140 மனு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். என் தங்கை இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக் கொண்டிருந்தவள். மாப்பிள்ளை இன்னும் அந்தக் கட்டத்திற்கு வரவில்லை. இருவரும் இதைப் பற்றி முன்பே பேசி, அவள் அங்கே மேற்படிப்பு படிப்பது என்று முடிவு செய்த பிறகுதான் டிக்கெட் வாங்கினார்கள்.

முடிவாக

தங்கைக்கு இரண்டாம் முறை நேர்காணல் மூன்று நிமிடத்தில் முடிந்தது. இப்போது அவள் அங்கே இருக்கிறாள். அப்பாவின் லேப்டாப்பில் "விசா" ஃபோல்டர் இன்னும் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் அமைந்தபோது, "படிவமா? நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாம்மா, முதலில் நம்பரை எழுதணும்" என்று அப்பாவே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததாக அம்மா ஃபோனில் சொன்னாள்.

ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். எண்ணை எழுதுங்கள், பக்கத்துக்குப் பக்கம் சேவ் செய்யுங்கள், உரக்கப் படித்துச் சரிபாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் பயணம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தொடங்கட்டும். வாழ்த்துக்கள்!